ஆல்டோ லியோபோல்ட்: புல்லை ஆசானாகக் கொண்ட அறிஞர்

தமிழில் 'புல்' என்னும் சொல்லோடு இனமாய் நிற்கும் சொற்கள் பலவும் இழிவுப் பொருளன. சிறுமையைப் புன்மை என்கின்றோம். கீழ்மக்களைப் புல்லர் என்கின்றோம். அற்ப அறிவைப் புல்லறிவு என்கின்றோம். காலின்கீழ் மிதிபட்டும் ஆடுமாடுகளால் மேயப்பட்டும் கிடக்கும் ஒன்றைப் பெருமைக்குரியதென எவர்தாம் எண்ணுவர்? ஆயினும் புல்லுதல் என்பதற்குத் தழுவுதல் என்னும் பொருளும் உண்டென்பதைத் தமிழ் கற்பார் அறிவர். மண்ணைத் தன் எண்ணிறந்த வேர்களால் தழுவி நிற்பது புல்லேயன்றோ? அத்தழுவல் நெகிழ்ந்தவிடத்து நிலத்துக்கு வரும் கேட்டையும், அந்நிலத்துக்கே உரிய புல்லை மீண்டும் அங்கு நிலைபெறச் செய்தவிடத்துக் களைகள் ஒடுங்கும் திறத்தையும் கண்ணாரக் கண்டு உலகுக்கு உணர்த்திய அறிஞருள் ஒருவர் அமெரிக்க நாட்டு ஆல்டோ லியோபோல்ட்.

அவரைப் பற்றி எழுதுவோர் பலரும், காட்டு விலங்குகளைப் பேணும் கலையை அவர் ஒரு நூற்றுறையாக வளர்த்த சிறப்பையும், மனிதன் நிலத்துக்குச் செய்யக் கடமைப்பட்ட அறத்தை அவர் வகுத்த திறத்தையுமே விரித்துரைப்பர். யாம் அவற்றைச் சுருக்கிக்கொண்டு, புல்லும் களையும் பற்றி அவர் கற்ற பாடத்தையே பெரிதும் கூறக் கருதினோம். அப்பாடத்தை அவர் எளிதிற் கற்றாரல்லர். தாம் முன்னர் உறுதியாக நம்பி எழுதிய ஒன்றைப் பிழையெனக் கண்டு கைவிட்ட பின்னரே கற்றார். மாணாக்கராகிய எம்மனோர்க்கு அவர் வாழ்க்கை பயன்படுவது இதனாலேயாம்.

பிறப்பும் கல்வியும்

லியோபோல்ட் 1887-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அயோவாவில், பர்லிங்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கார்ல் லியோபோல்ட், எழுதுமேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். தாயார் பெயர் கிளாரா. இருவரும் ஜெர்மானிய மரபினர். ஆதலின் குழந்தை முதலிற் பயின்ற மொழியும் ஜெர்மன் மொழியே. மிஸிஸிப்பிப் பேராற்றை நோக்கிய மேட்டின்மீது அவர்கள் இல்லம் அமைந்திருந்தது. தந்தையார் வேட்டையில் விருப்பமுடையவர். ஆயினும் நீர்ப்பறவைகள் இனம் பெருக்கச் செல்லும் இளவேனிற் காலத்தில் அவற்றைச் சுடுதல் தகாதென்று எண்ணி, சட்டம் தடுக்குமுன்னரே அவ்வழக்கத்தைத் தாமாகக் கைவிட்டவர். நால்வர் மக்களுள் மூத்தவராகிய ஆல்டோ, தந்தையாரோடு சதுப்பு நிலங்களிலும் தோப்புகளிலும் திரிந்து, நூல்களிற் காணக்கிடையாத கல்வியை இளமையிலேயே பெற்றார்.

அவர் பிறந்த நாட்டின் இயல்பை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஐரோப்பியர் குடியேறுதற்கு முன் அயோவா நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு நிலம் 'பிரெய்ரி' எனப்படும் உயர்புல்வெளியாக இருந்தது. அங்கு வளர்ந்த புற்களுள் தலையாயது 'பெரிய நீலத்தண்டுப் புல்'. அஃது ஆளுயரத்தையும் கடந்து வளர்வது. அதன் கதிர் வான்கோழியின் கால்விரல்கள்போல் மூன்றாகப் பிரிந்து நிற்பது. அதனோடு சிறிய நீலத்தண்டுப் புல்லும், இந்தியப் புல் எனப்படுவதும், நூற்றுக்கணக்கான பூஞ்செடிகளும் கலந்து வளர்ந்தன. 1830-களின் பின்னர் எஃகுக் கலப்பை வந்தது. அதுவரை எந்தக் கொழுவுக்கும் எளிதில் இடங்கொடாத அவ்வேர்ப்பின்னல் பிளவுண்டது. இரண்டு தலைமுறைக்குள் புல்வெளி அனைத்தும் சோள வயல்களாயின. லியோபோல்ட் பிறந்தபொழுது பழைய புல்வெளியிற் பெரும்பகுதி மறைந்துவிட்டது. தாம் இழந்தது இன்னதென்று அறியாமலே மக்கள் அதனை இழந்தனர்.

1904-ஆம் ஆண்டு அவர் நியூ ஜெர்ஸி நாட்டிலுள்ள லாரன்ஸ்வில் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் யேல் சர்வகலாசாலையிற் பயின்று, 1909-ஆம் ஆண்டு வனவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அமெரிக்க அரசாங்க வனத்துறையில் அமர்ந்து, தென்மேற்கேயுள்ள அரிஸோனாப் பகுதியின் மலைக்காடுகளுக்குச் சென்றார்.

தீயைப் பகைத்த காலம்

இளைஞராகிய லியோபோல்ட் ஊக்கம் மிக்க அதிகாரி. 1912-ஆம் ஆண்டு நியூ மெக்ஸிகோவிலுள்ள கார்ஸன் வனத்தின் தலைமைக் கண்காணிப்பாளரானார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் ஸான்டா பே நகரத்தில் எஸ்டெல்லா பெர்ஹேரே என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டு கொடும்புயலில் அகப்பட்டு நனைந்தமையால் சிறுநீரக நோய்வாய்ப்பட்டு, உயிர்க்கு இடையூறு நேருமென்று அஞ்சும் நிலையெய்தி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஓய்ந்திருந்தார். நோய் நீங்கியபின் மீண்டும் பணியேற்றுப் படிப்படியாக உயர்ந்து, 1919-ஆம் ஆண்டில் தென்மேற்கு மாவட்டத்து வனங்கள் அனைத்தையும் சுற்றிப் பார்வையிடும் பெரும்பொறுப்புக்கு உரியவரானார்.

அக்காலத்து வனத்துறையார்க்குத் தீயே முதற்பகை. எங்கு எவ்வாறு எழுந்தாலும் அதனை அவித்தலே அவர்கள் கொள்கை. பழங்குடி மக்கள் செய்ததுபோல் அடிநிலப் புல்லையும் சருகையும் அவ்வப்பொழுது மெல்ல எரித்துவிடுதல் நன்றென்று சிலர் கூறியபொழுது, துறையினர் அதனை எள்ளினர். லியோபோல்டும் அவர்களுள் ஒருவரே. 1920-ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைக் கண்டித்துக் கட்டுரையொன்றும் எழுதினார். கற்றோர் கூட்டமாக ஒரு கொள்கையைப் பற்றி நிற்கும்பொழுது, அதனை ஐயுறுதல் ஓர் இளைஞர்க்கு எளிதன்று.

ஆனால் அவர் நூலை மாத்திரம் கற்றவரல்லர், நிலத்தையும் கற்பவர். குதிரைமீதேறித் தென் அரிஸோனாவின் மலையடிவாரங்களைப் பன்முறை சுற்றியபொழுது, ஒரு வியப்பு அவரை மேன்மேலும் வருத்திற்று. முன்னர்த் திறந்த புல்வெளியாய் இருந்த இடங்களில் முட்புதரும் குறுமரங்களும் நெருங்கி வளர்ந்திருந்தன. அப்புதர்கள் இளமையின; அவற்றினிடையே ஆங்காங்கு நின்ற முதிய மரங்களிலோ பழைய தீயின் வடுக்கள் காணப்பட்டன. புதர் மலிந்தும் மண் அரிப்பு நிற்கவில்லை. மழைநீர் பள்ளங்களைப் பறித்து ஓடிற்று. இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்து நோக்கி அவர் கண்ட உண்மை வருமாறு:

வெள்ளையர் கால்நடைகளைக் கொணர்தற்கு முன் அந்நிலத்திற் புல் அடர்ந்திருந்தது. அப்புல் உலர்ந்தகாலை, மின்னலாலோ மக்களாலோ எழுந்த தீ அதன்மீது பரந்து ஓடிற்று. தீயினாற் புதர்க்கன்று கருகிற்று. புல்லோ வேரிலிருந்து மீண்டும் தளிர்த்தது. அளவிறந்த மாடுகள் புல்லை மேய்ந்து ஒழித்தபின் தீ பரவுதற்குப் பற்றுக்கோடு இல்லாமற் போயிற்று. புதரோடு வேரளவிற் போராடுதற்கும் புல் இல்லை. புதர் பெருகிற்று. ஆகவே புதரின் வரவுக்குக் காரணம் புதரன்று, புல்லின் நீக்கமே. மண்ணைப் பிணித்துக் காப்பதிலும் புதரினும் புல்லே வலியது.

இவ்வுண்மையை 1924-ஆம் ஆண்டு வனவியல் ஏடொன்றில் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதற்கும் தம் துறையினர் போற்றிய கொள்கைக்கும் இது மாறாயிற்று. ஆயினும் நிலம் கூறியதை மறைக்க அவர் மனம் ஒருப்படவில்லை. ஓநாய்களைக் கொன்றொழித்தல் நன்றென்று இளமையிற் கொண்ட கருத்தையும் பிற்காலத்தில் அவர் இவ்வாறே கைவிட்டு, அப்பிழையைத் தம் எழுத்தால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாம் பிழைத்ததைத் தாமே எழுதி வைக்கும் அறிஞர் எத்துணையர்?

மாடிஸன் நகரத்துப் பணி

அவ்வாண்டிலேயே அவர் விஸ்கான்ஸின் நாட்டின் தலைநகராகிய மாடிஸனுக்கு மாற்றப்பெற்று, மரப்பொருள் ஆராய்ச்சிச்சாலையில் அமர்ந்தார். 1928-ஆம் ஆண்டு அப்பணியை விடுத்து, வட நடு நாடுகளிற் காட்டு விலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். 1933-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பேணலைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டே விஸ்கான்ஸின் சர்வகலாசாலை அத்துறைக்கெனப் பேராசிரியர் பதவியொன்றை அமைத்து அவரை அதில் இருத்திற்று. அமெரிக்காவில் அத்துறைக்கு ஏற்பட்ட முதற்பதவி அதுவே.

அப்பொழுது அமெரிக்க நாடு பெருந்துன்பத்தில் ஆழ்ந்திருந்தது. நடுநிலத்துப் பெருஞ்சமவெளியில் காலங்காலமாய் மண்ணைப் பிணித்திருந்த புல்லை உழுது மாய்த்துக் கோதுமை விதைத்தனர். வறட்சி வந்தது, பயிர் கருகிற்று, கட்டற்ற மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1934-ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த புழுதிப்புயல், கிழக்கே நியூயார்க்கு நகரத்தையும் கடந்து கடலின்மேற் சென்ற கப்பல்கள்மீதும் மண்ணைத் தூவிற்று. புல்லின் பெருமையை நூல்களால் அறியாதவரும் அன்று தம் கண்ணில் விழுந்த புழுதியால் அறிந்தனர்.

அடுத்த மாதம், அஃதாவது ஜூன் 17-ஆம் நாள், மாடிஸன் நகரத்தில் சர்வகலாசாலையின் மரச்சோலைத் தொடக்கவிழா ஒரு பண்ணைக் களஞ்சியத்திலே நடந்தது. லியோபோல்ட் அங்குச் சொற்பொழிவாற்றினார். பிற நகரத்தார் போல உலகெங்குமுள்ள அருமரங்களைக் கொணர்ந்து காட்சிக்கு வைத்தல் தம் நோக்கமன்றென்றும், குடியேற்றத்திற்கு முன் விஸ்கான்ஸின் நிலம் எவ்வாறிருந்ததோ அதன் ஒரு மாதிரியை மீண்டும் அமைத்தலே நோக்கமென்றும் அவர் கூறினார். அதுவரை எவரும் செய்யத் துணியாத செயல் அது. காட்டை அழித்துத் தோட்டம் அமைத்தவர் பலர். உழுத நிலத்தை மீண்டும் பழைய புல்வெளியாக்க முயன்றவர் யாவர்?

தெரிந்தெடுத்த இடம், முன்னர் உழப்பட்டுப் பின்னர்க் குதிரைகள் மேய்ந்த ஒரு பழம்பண்ணை. ஐரோப்பாவிலிருந்து வந்த கெண்டக்கிப் புல்லும் குவாக்குப் புல்லும் பிற களைகளும் அதனைத் தமதாக்கிக்கொண்டிருந்தன. புல்வெளி அமைக்கும் எண்ணத்தை வலியுறுத்தியவருள் தாவரநூற் பேராசிரியர் நார்மன் பாஸெட் என்பவரும் ஒருவர். நடுகை வேலையை முன்னின்று நடத்தியவர் தியடோர் ஸ்பெர்ரி. வேலையற்ற இளைஞர்க்கு வேலை கொடுக்க அரசாங்கம் அமைத்த படையினர் 1935 முதல் 1941 வரை அச்சோலையிற் பாசறை அமைத்துத் தங்கி உழைத்தனர். இருப்புப்பாதை ஓரங்களிலும் கல்லாங்குத்துகளிலும் கலப்பைக்குத் தப்பிக் கிடந்த பழம்புல்வெளித் துண்டுகளைத் தேடி, அங்கிருந்து வேரும் மண்ணுமாகப் பெயர்த்த புற்கரணைகளையும் விதைகளையும் கொணர்ந்து நட்டனர். ஆகலின் இவ்வெற்றி ஒருவருக்கே உரியதன்று. எண்ணத்தைத் தந்து நெறிகாட்டியவருள் லியோபோல்ட் முதன்மையானவர் என்பதே எம் கருத்து.

புல் களையை வெல்லும் முறை

நாட்டுப்புல் களையை வெல்வது எவ்வாறு? களை என்பது பெரும்பாலும் வெற்றிடத்தை நாடி வரும் செடி. உழுத மண், மிதியுண்ட மண், வேரற்ற மண் இவையே அதற்கு விருந்து. அதன் விதை எண்ணிறந்தது, முளைப்பு விரைவு. மனிதன் ஒரு களையைப் பறிக்கும்பொழுது அவ்விடத்தில் மீண்டும் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகின்றான். மண்ணைக் கிளறி அடியிற் கிடந்த விதைகளையும் ஒளிக்குக் கொணர்கின்றான். ஆதலின் பறித்த இடத்தை நிரப்பாதவன் மறு கோடையிலும் பறிப்பான்.

நாட்டுப்புல்லோ வேரில் முதலிடுவது. நட்ட முதலாண்டில் தரைக்குமேல் அது விரலளவே தோன்றும். தரைக்குக் கீழே ஆழ்ந்து செல்லும். முதிர்ந்த பெரிய நீலத்தண்டுப் புல்லின் வேர் 6 அடிக்கும் கீழே இறங்கும். மேல்மண்ணில் அவ்வேர்கள் நெருங்கிப் பின்னி நீரையும் உரத்தையும் கவர்ந்துகொள்ளுதலால், புதிதாக முளைத்த களைக்குப் பருகவும் உண்ணவும் ஒன்றும் எஞ்சாது. மேலே தாளும் இலையும் நிழல் செய்கின்றன. உதிர்ந்த சருகு மண்ணை மூடுகின்றது. மெலிந்த நிலத்திலும் வாழவல்லது இப்புல். களைகளிற் பலவோ கொழுத்த நிலத்தை விரும்புவன. ஆதலின் இத்தகைய நடுகைக்கு எருவிடுதல் பகைக்குச் சோறிடுதலாகும்.

முதலிரண்டு ஆண்டுகளில் நட்டவர் மனம் தளர்தல் இயல்பு. களை ஓங்கி நிற்கும்; புல் கண்ணுக்கும் தோன்றாது. அக்காலத்துக் களையை வேரொடு பறியாமல், அது விதை கொள்ளாவண்ணமும் இளம்புல்லின்மேல் ஒளி படும்வண்ணமும் பலமுறை உயர அரிந்துவிடுதல் முறை. மூன்றாம் ஆண்டளவிற் புல் எழும். பின்னர்க் களைக்கு இடமில்லை. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது: பெரும்புல்லை மிக நெருக்கமாக விதைப்பின் அது களையை மாத்திரமன்றித் தன்னோடு வளரவேண்டிய பூஞ்செடிகளையும் அடக்கிவிடும். ஆதலின் குறும்புல்லும் பூஞ்செடியும் அளவறிந்து கலத்தல் வேண்டும்.

எனினும் மாடிஸன் சோலையில் ஓர் இடர்ப்பாடு நின்றது. கெண்டக்கிப் புல் ஆண்டுகள் கழிந்தும் ஒழியவில்லை. அதுவும் புல்லாகலின் அரிவாளுக்கு அஞ்சவில்லை. இங்கே லியோபோல்ட் அரிஸோனாவிற் கற்ற பாடம் மீண்டும் மெய்யாயிற்று. அச்சர்வகலாசாலைத் தாவரநூலார் ஜான் கர்ட்டிஸும் அவருடைய துணைவர் மாக்ஸ் பார்ட்சும் நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றை எரித்தும் சிலவற்றை எரியாது விட்டும் ஆராய்ந்தனர். எரித்த பாத்திகளிற் கெண்டக்கிப் புல் நலிந்தது. நாட்டுச் செடிகள் தழைத்தன. அம்முடிவு 1948-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இதன் காரணம் காலவேறுபாடு. கெண்டக்கிப் புல் குளிர்பருவத்தது; பனி உருகியவுடன் தளிர்ப்பது. நீலத்தண்டுப் புல் வெம்மை விரும்புவது. வேனில் நன்கு பிறக்கும்வரை தரைக்குக் கீழே உறங்குவது. இளவேனிலில் இட்ட தீ விழித்திருக்கும் பகையைச் சுட்டு, உறங்கும் நட்பைச் சுடாது செல்கின்றது. மேலும் சருகு நீங்கிக் கருமையுற்ற மண் கதிரவன் வெம்மையை விரைந்து ஏற்று, நாட்டுப்புல்லைத் துயிலெழுப்புகின்றது.

ஏமாற்றுப் புல்லும் இடுகாட்டு மூலையும்

1941-ஆம் ஆண்டு லியோபோல்ட் மற்றொரு கட்டுரை வரைந்தார். மேற்கு நாடுகளின் மலைச்சாரல்களிலே, 'ஏமாற்று' என்று பொருள்படும் பெயர்பெற்ற அயற்புல்லொன்று பரவியதைப் பற்றியது அது. அளவிறந்த மேய்ச்சலால் நாட்டுப் புற்றூறுகள் அழிந்தன. அழிந்தவிடத்தை அவ்வயற்புல் நிரப்பிற்று. அது விரைவில் முதிர்ந்து உலர்ந்து தீப்பற்றுவது. அத்தீ எஞ்சிய நாட்டுச் செடிகளை அழித்து அவ்வயற்புல்லுக்கே மேலும் இடம் செய்வது. ஈண்டுத் தீயும் பகையாயிற்று. ஒரு நிலத்தில் மருந்தாகும் தீ மற்றொரு நிலத்தில் நஞ்சாதலை அவர் மறைத்தாரல்லர். அவரை வருத்தியது களையின் வலிமையினும் மக்களின் பொறுமையே. மலைகள் இவ்வாறு இழிந்ததைக் கண்டும், இஃது இயல்பென்று அமைந்திருந்தனர் அவர்கள்.

விஸ்கான்ஸினில் அவர் தம் பண்ணைக்குச் சென்றுவரும் வழியில் ஒரு சிற்றூர் இடுகாடு இருந்தது. கலப்பையும் அரிவாளும் படாத அதன் ஒரு மூலையில், பழம்புல்வெளியின் எச்சமாகிய திசைகாட்டிச் செடி ஆண்டுதோறும் ஜூலையில் மஞ்சட்பூப் பூத்தது. ஒருநாள் நெடுஞ்சாலைப் பணியாளர் வேலியைப் பெயர்த்து அதனை அரிந்துவிட்டனர். நாள்தோறும் அவ்வழிச் சென்ற ஆயிரக்கணக்கானோருள் அச்செடி போனதை எத்துணைபேர் உணர்ந்திருப்பர் என்று அவர் நினைந்து வருந்தினார். செத்தோர் உறையும் இடமே அந்நிலத்து உயிர்களுக்குக் கடைசிப் புகலிடமாயிற்று என்பதை எண்ணுங்கால் எம் உள்ளமும் நெகிழ்கின்றது.

மணற்பண்ணையும் இறுதியும்

1935-ஆம் ஆண்டு லியோபோல்ட், விஸ்கான்ஸின் ஆற்றங்கரையில், பராபூ என்னும் ஊரையடுத்து, முன்னோர் சுரண்டிக் கைவிட்ட மணற்பண்ணையொன்றை விலைக்கு வாங்கினார். அங்கு எஞ்சியிருந்த கட்டடம் ஒரு கோழிக்கூடே. அதனைத் தூய்மை செய்து குடிலாக்கி, வார இறுதிதோறும் மனைவியாரோடும் ஐந்து மக்களோடும் சென்று தங்கினார். இளவேனில்தோறும் பைன் கன்றுகளை நட்டனர். புல்வெளிச் செடிகளையும் கொணர்ந்து நட்டனர். 1936-ஆம் ஆண்டு வறட்சியால் முன் நட்ட கன்றுகளிற் பெரும்பாலன மடிந்தன. மீண்டும் நட்டனர். ஆண்டுதோறும் எப்பூ எந்நாளிற் பூத்தது, எப்பறவை எந்நாளில் வந்தது என்று அவர் குறித்துவந்த குறிப்புக்கள் அறிவியலுக்கும் பயன்பட்டன. அம்மக்களுள் ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா என்னும் மூவர் பிற்காலத்தில் அமெரிக்க தேசிய அறிவியற் கழகத்துக்கு உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டனர்.

இப்பண்ணையின் அநுபவங்களைக் கட்டுரைகளாக எழுதித் தொகுத்தார். பதிப்பாளர் சிலர் அதனை ஏற்கவில்லை. முடிவில், 1948-ஆம் ஆண்டு ஏப்ரில் 14-ஆம் நாள், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைப் பதிப்பகத்தார் ஏற்றதாகச் செய்தி வந்தது. அதன்பின் ஒரு வாரமே அவர் உயிரோடிருந்தார். ஏப்ரில் 21-ஆம் நாள் காலை, அயலார் பண்ணையிற் குப்பைக்கு இட்ட தீ உலர்ந்த புல்லிற் பற்றிக் காற்றோடு பரவிற்று. லியோபோல்ட் மனைவியாரோடும் இளைய மகளோடும் அதனைத் தடுக்க விரைந்தார். நீர்தெளிக்கும் கருவியைச் சுமந்துகொண்டு தீயின் ஓரமாகச் சென்றவர் மாரடைப்பால் அங்கேயே வீழ்ந்து உயிர்நீத்தார். அப்பொழுது அவர்க்கு ஆண்டு 61. பிறந்த ஊராகிய பர்லிங்டனில் அவர் உடல் அடக்கஞ்செய்யப்பட்டது.

புற்றீயின் பயனை உணர்ந்தவர் புற்றீயோடு பொருது மாய்ந்தார் என்பதைச் சிலர் முரணென்பர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். அளவறிந்து, காலமறிந்து, காவலோடு இடும் தீ வேறு. காவலின்றி எழுந்து, அயலார் மனையையும் இளங்கன்றுகளையும் விழுங்க வரும் தீ வேறு. இரண்டையும் வேறுபிரித்து அறிந்தவராதலின் முன்னதைப் போற்றினார், பின்னதைத் தடுத்தார். இரண்டிலும் அவர் செய்தது ஒரே தொண்டு.

பின்விளைவு

அவருடைய நூல் 'ஒரு மணல்நாட்டுப் பஞ்சாங்கம்' என்று பொருள்படும் பெயரோடு 1949-ஆம் ஆண்டு வெளிவந்து, பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயிற்று. மாடிஸன் சோலையின் புல்வெளி, 1961-ஆம் ஆண்டு காலமான ஜான் கர்ட்டிஸின் பெயரால் 1962-ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகின்றது. எழுபது ஏக்கருக்கு மேற்பட்ட அஃது, உலகில் மனிதன் மீட்டமைத்த புல்வெளிகளுள் மிகப் பழையதென்று அறிஞரால் மதிக்கப்படுகின்றது. கோழிக்கூடாயிருந்த குடில் 2009-ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. அவர் பிறந்த அயோவாவில், சாலையோரங்களில் நாட்டுப்புல்லையும் பூஞ்செடியையும் நட்டுக் களையை அடக்கும் முறை 1980-களின் இறுதியிற் சட்டத்தாலேயே ஊக்கப்பட்டது. இன்று அந்நாட்டிற் பூங்காக்களும் மனைத்தோட்டங்களும் அமைப்போர் பலர், செடிகளுக்கிடையே வெறுமண்ணை விடாது நாட்டுப்புல்லை நிரப்புதலையே களைக்கு உறுதியான காப்பாகக் கொள்கின்றனர்.

ஆயினும் போர் முடிந்துவிடவில்லை. நகரத்து வீதிகளிலிருந்து கர்ட்டிஸ் புல்வெளிக்குள் ஓடிவரும் மழைநீர், மிகுந்த ஈரத்தையும் உரச்சத்தையும் சுமந்து வருகின்றது. அதனால் தாழ்ந்த இடங்களில் அயல்நாணலினப் புல் புகுந்து நாட்டுச்செடிகளை நெருக்குகின்றது. தொண்ணூறு ஆண்டு கழிந்தும் அங்குக் காவல் வேண்டியிருக்கின்றது. உழுது அழித்தல் ஒரு நாட்செயல். மீட்டமைத்தல் தலைமுறைச் செயல்.

லியோபோல்டின் வாழ்க்கை எமக்குக் காட்டும் நெறி இதுவே. களையைக் கண்டவுடன் களையின்மேற் சினத்தல் எளிது. அவ்விடம் வெறுமையாயிருந்தது ஏன், அதில் நிற்கவேண்டியதாய் இருந்தது எது, அதனைப் போக்கியவர் யார் என்று வினவுதல் அரிது. அவ்வினாவை அவர் வினவினார். விடை தம் பழங்கொள்கைக்கு மாறாய் வந்தபொழுதும் அதனை ஏற்றார். ஏற்றபின் எழுதியதோடு அமையாது கையில் மண்வெட்டி எடுத்தார். மண்ணைப் புல்லி நிற்பது புல் என்று தொடக்கத்திற் கூறினோம். அத்தழுவலை அறுப்பதற்கு ஒரு கலப்பை போதும். அதனை மீண்டும் உண்டாக்குதற்கோ, பிழையை ஒப்புக்கொள்ளும் நெஞ்சும், முதலிரண்டு ஆண்டும் பயன் காணாது பொறுத்திருக்கும் திண்மையும் வேண்டும். அவ்விரண்டையும் உடையராய் வாழ்ந்த அவ்வறிஞரது புகழ், அவர் போற்றிய புல்லைப்போல் வேரூன்றி நிலைபெறுவதாக.